இடது மரை ஹீமோகுளோபின்

புதிதாக உயிரியல் ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். சாதனை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. தப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் பார்க்க அழகாக இருந்தது. செம்புக் கம்பியில் செய்தது, இரண்டடி உயரம், கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கம்பத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் என் பொறுப்பு. புரதங்களின் அமைப்பு என்ற பாடத்தை அதுவரை கரும்பலகையில் நான்கே வரியில் முடித்துவிடுவேன். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலி முதல்நிலை. அந்தச் சங்கிலி சுருண்டால் இரண்டாம்நிலை. சுருண்டது மடிந்து ஓர் உருவத்துக்கு வந்தால் மூன்றாம்நிலை. அப்படிப்பட்ட உருவங்கள் சில கூடி ஒன்றானால் நான்காம்நிலை. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எனக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி.

அந்த வருடக் காலாண்டுத் தேர்வில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: 'முதல்நிலை அமைப்பு என்பது முதலில் உள்ள அமைப்பு ஆகும். நான்காம்நிலை அமைப்பு என்பது நான்காவதாக உள்ள அமைப்பு ஆகும்.' சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த விடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தப்பென்று சுழிக்க ஒரு வார்த்தைகூட இல்லை. நான் நடத்தியதைத்தான் அவள் திருப்பித் தந்திருந்தாள்.

அன்று சாயங்காலமே வளையல் கடைக்குப் போய்ப் பாசிமணி வாங்கினேன். அமினோ அமிலங்கள் இருபது வகை. கடையில் பதினோரு நிறம்தான் இருந்தது. மிச்சத்துக்குப் பெரிய மணி, நீள மணி என்று சமாளித்தேன். மறுநாள் வகுப்பில் குழு குழுவாக உட்கார்ந்து கோத்தார்கள். ஹீமோகுளோபினில் பீட்டா என்று ஒரு சங்கிலி இருக்கிறது, நூற்று நாற்பத்தாறு மணி. அதன் தொடக்கத்தை மட்டும் கோக்கச் சொன்னேன்.

"இப்ப ஆறாவது பாசியை மட்டும் எடுத்துட்டு அங்க ஒரு மஞ்சப் பாசியைப் போடுங்க."

போட்டார்கள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல டீச்சர்," என்றாள் ரம்ஜான். வகுப்பின் வாய் அவள்தான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "அம்புட்டுப் பாசியில ஒண்ணு மாறுனா யாரு கண்டா?"

அந்த ஒரு மணி மாறினால் ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும், வளைந்த அணுக்கள் சின்ன நாளங்களில் அடைத்துக்கொள்ளும், பிறந்த குழந்தை வளர வளர எலும்பு எலும்பாக வலிக்கும் என்று சொன்னேன். எல்லோரும் அவரவர் சரத்தில் ஆறாவது மணியைத் தேடிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் ஈஸ்வரி என்றொரு பிள்ளை. காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவள். வாய் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. அவள் மட்டும் குனிந்து, மஞ்சள் மணியை உருவிவிட்டுப் பழைய மணியை அதே இடத்தில் கோத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அன்றைக்கு எனக்கு ஏறிய தெம்பு இருக்கிறதே, அதுதான் அடுத்து வந்ததற்கெல்லாம் காரணம். ஒரு நாள் வகுப்பு நன்றாக அமைந்துவிட்டால் நமக்கு எல்லாம் தெரியும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். உங்களுக்கும் தோன்றும். அந்த வாரம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

தேனியில் மாவட்ட அறிவியல் கண்காட்சி வருவதாகச் சுற்றறிக்கை வந்தது. முழு ஹீமோகுளோபினையும் நான்கு நிலையும் தெரிகிற மாதிரி கம்பியில் செய்து கொண்டுபோவோம் என்று நானே தலைமையாசிரியை அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "போன வருஷம் மாதிரி தெர்மாகோல்ல வீடு கட்டிக் கொண்டுபோய் நிக்க மாட்டீகள்ல?" என்றார். மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கல்லூரி நூலகம் ஒன்றிலிருந்து தெரிந்தவர் மூலம் ஒரு பெரிய புத்தகம் வாங்கி வந்தேன். அதிலிருந்த படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்தத் தாளைச் சார்ட்டின் மேல் கவிழ்த்து, பின்பக்கம் தேய்த்துப் பதித்தேன். நாம் எல்லோரும் படம் மாற்றுவது அப்படித்தானே. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தி வரைந்தேன். என் கையெழுத்தைவிட என் படம் நன்றாக இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை.

அந்தச் சார்ட்டை எடுத்துக்கொண்டு, ரம்ஜான், ஈஸ்வரி, இன்னும் நான்கு பிள்ளைகளுடன் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றுக்குப் போனேன். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. கடைக்காரரை ஊரே மோட்டார் பாய் என்றுதான் கூப்பிடும். பள்ளத்தாக்கின் பாதிக் கிணறுகளில் ஓடும் மோட்டார்கள் அவர் கையில் ஒருமுறையாவது பிரிபட்டவை. ரம்ஜானுக்கு ஏதோ வழியில் மாமா முறை. அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமா.

பாய் சார்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சங்கிலிக்கு ஏழெட்டுச் சுருள் வீதம் மொத்தம் முப்பது சுருள் வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய கம்பியில் தடித்ததாகப் பார்த்து எடுத்தார். ஒரு பைப் துண்டை எடுத்துக் கம்பியின் முனையை அதில் வைத்தார். அப்புறம் கையை நிறுத்திவிட்டு மறுபடியும் சார்ட்டைப் பார்த்தார்.

"டீச்சர், இது இடது மரையால்ல இருக்கு?"

"என்ன பாய்?"

"இல்ல, நட்டு போல்ட்டுல எல்லாம் மரை வலது பக்கமாத்தான் ஏறும். நீங்க வரைஞ்சிருக்கிறது இடது பக்கமா ஏறுது. சைக்கிள்ல இடது பெடலுக்கு, கேஸ் வெல்டிங் சிலிண்டருக்கு, இப்படி ஒண்ணு ரெண்டுக்குத்தான் இந்த மரை வரும். உடம்புக்குள்ளயும் இப்படித்தான் இருக்கா?"

நல்ல கேள்வி. அந்தக் கடையில் அன்று கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"படத்துல எப்படி இருக்கோ அப்படியே சுத்துங்க பாய். இது மோட்டார் இல்ல, புரதம்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். நான் சிரித்ததும் பிள்ளைகளும் சிரித்தார்கள். பாயும் சிரித்துக்கொண்டே, "புரதத்துக்கு வேற மரை போல," என்று சொல்லிச் சுற்ற ஆரம்பித்தார். முப்பது சுருளும் ஒன்றுபோல் ஒன்று வந்தன. சும்மா சொல்லக் கூடாது, கடையில் விற்கும் ஸ்பிரிங் தோற்றுப்போகும்.

அடுத்த இரண்டு வாரமும் மதிய இடைவேளைகளில் ஆய்வகத்தில் ஒரே சத்தம். சுருள்களை இணைத்து மடக்கிச் சங்கிலி சங்கிலியாக உருவம் கொடுத்தார்கள். இரண்டு சங்கிலிக்குச் சிவப்பு எனாமல், இரண்டுக்கு நீலம். ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஒரு சோடா மூடி, அதன் நடுவில் பாய் கொடுத்த ஒரு குட்டி பேரிங் குண்டு. ஆக்சிஜன் வந்து உட்காரும் இரும்பு அது. நான்கையும் ஒன்றோடு ஒன்று பொருத்தும்போதுதான் வேடிக்கை. பொருந்தவே இல்லை. இங்கே துருத்தும், அங்கே இடிக்கும். ஒரு சங்கிலியின் ஒரு மடிப்பைச் சற்றே நெளித்தால் மற்ற மூன்றும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. "டீச்சர், ஒண்ணத் தொட்டா நாலும் அசையுது!" என்று ரம்ஜான் கத்தினாள். ஒரு ஆக்சிஜன் உட்கார்ந்தால் அடுத்தது சுலபமாக உட்காருவதற்குக் காரணமே இந்த அசைவுதான் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

கண்காட்சி நாள். மாதிரியைத் தேனி பஸ்ஸில் ஏற்றினோம். துணைக்கு இயற்பியல் டீச்சர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் அசராதவர். கண்டக்டர் மாதிரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, லவ் பேர்ட்ஸ் கூண்டா?" என்றார். "ரத்தம்ணே," என்றாள் ரம்ஜான். அதன் பிறகு அந்த சீட்டுப் பக்கம் யாரும் வந்து இடிக்கவில்லை. சின்னமனூர், வீரபாண்டி எல்லாம் தாண்டித் தேனி போய்ச் சேரும்வரை ரம்ஜான் தன் பேச்சை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். 'இரண்டாம்நிலையில் இச்சங்கிலி வலச்சுருளாக அமைகிறது' என்று ஒரு வரி அதில் உண்டு. நான் எழுதிக் கொடுத்ததுதான்.

எங்களுக்கு ஒதுக்கிய மேசைக்குப் பக்கத்து மேசையில் வேறொரு பள்ளியின் டிஎன்ஏ ஏணி. அட்டையில் வெட்டி, முறுக்கி நிறுத்தியிருந்தார்கள். பொறுப்பாசிரியர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கலாம். எங்கள் மாதிரியை வைத்துவிட்டு ஆசுவாசமாக நின்றவள் அவர்களுடையதைப் பார்த்தேன். எங்கள் சுருள் ஏறும் திசைக்கு அது எதிர்த்திசையில் முறுக்கியிருந்தது.

அவர் மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. நடுவர்கள் வருவதற்குள் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்து, ரொம்பத் தன்மையாகப் போய்ச் சொன்னேன்: "தப்பா நெனைக்காதீக சார். உங்க டிஎன்ஏ தப்பான பக்கமா சுத்தியிருக்கு. டிஎன்ஏவும் வலச்சுருள்தான், எங்க புரதம் மாதிரி."

அவர் முகம் வெளிறிவிட்டது. அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். பார்த்தார். தன் வலது கையை நீட்டிக் கட்டை விரலை மேலே நிமிர்த்தி, மற்ற விரல்களை மடக்கி, தன் ஏணியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் மாதிரியைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"மேடம்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "கோவிச்சுக்காதீக. வலது கை விரல் மடங்குற பக்கமா சுத்திக்கிட்டு மேல ஏறணும். எங்களது ஏறுது. உங்களதுதான்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் என் வலது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். இடது கையையும் நீட்டிப் பார்த்தேன். இடது கைக்குத்தான் எங்கள் சுருள் சரியாகப் பொருந்தியது. முப்பதும்.

டிரேசிங் தாளைக் கவிழ்த்துத் தேய்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படம் மொத்தமும் இடம் வலமாகத் திரும்பியிருந்திருக்கிறது.

"தலைகீழா வச்சிட்டா சரியாப் போயிரும் டீச்சர்," என்றாள் ரம்ஜான். நான்கு பேர் சேர்ந்து மாதிரியைத் தூக்கிக் கவிழ்த்தோம். அதே இடச்சுருள். பக்கவாட்டில் சாய்த்தோம். அப்போதும் அதே. "என்ன டீச்சர், எப்படித் திருப்புனாலும் மாற மாட்டேங்குது!" என்று அவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். எனக்கும் அதே நிலைதான். நான் டீச்சர் என்பதால் அழ முடியவில்லை.

இயற்பியல் டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? வாரவுக பத்து மேசை பாத்துக் களைச்சுப்போய் வருவாக. சுருள் இருக்கான்னு பாப்பாகளே தவிர எந்தப் பக்கம்னா பாக்கப் போறாக? பேச்சுல அந்த வலச்சுருள்ங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துருங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எடுத்துவிடச் சொன்னேன். தலைமையாசிரியையிடம் கொடுத்த வாக்கு, கல்லூரிப் புத்தகம், இரண்டு வார உழைப்பு எல்லாம் கண்முன் வந்தன. ரம்ஜான் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். 'இரண்டாம்நிலையில் இச்சங்கிலி...' அங்கே வந்ததும் நின்றுவிட்டாள். மறுபடியும் சொன்னாள். அதே இடத்தில் நின்றாள். மூன்றாவது முறை வாய் தானாகவே 'வல' என்று ஆரம்பித்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனப்பாடம் செய்ததை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. பொய்யாக இருந்தால் இன்னும் கஷ்டம்.

ஈஸ்வரி இதிலெல்லாம் கலந்துகொள்ளாமல் ஓரமாக நின்றாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அது எனக்கு உறுத்தியது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "காயில் சுத்துன அன்னைக்கே தெரியும் டீச்சர். எங்க அப்பா போர் பைப் மாட்டுற வேலை. மரையப் பாத்தா தெரியும். புத்தகத்துல வேற மாதிரி இருந்துச்சு."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"மோட்டார் மாமா சொன்னாக. நீங்க சிரிச்சீக. நாங்களும் சிரிச்சோம்," என்றாள்.

குற்றம் சாட்டும் குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். என் சர்வீஸில் மேலதிகாரிகளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் இந்த அளவுக்கு உள்ளே இறங்கியதில்லை. ஒரே ஒரு சிரிப்பில் இரண்டு பேர் வாயை அடைத்திருக்கிறேன். ஒருவர் தன் தொழிலை முழுசாகத் தெரிந்தவர். இன்னொருத்தி அப்போதுதான் வாய் திறக்க யோசித்துக்கொண்டிருந்தவள்.

நடுவர்கள் நான்காவது மேசையில் இருந்தார்கள். எங்களுடையது பதினோராவது.

"எங்கயாவது ஒரு கண்ணாடி கெடைக்குமா? பெருசா," என்று கேட்டேன்.

இயற்பியல் டீச்சர் என்னையே ஒரு நொடி பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "கண்ணாடின்னா அது என் பாடமுல்ல," என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். அவர் பின்னால், எதிரிலிருந்த சலூன்காரர் சுவரிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் துண்டுடன், பாதி ஷேவ் ஆன முகத்தோடு ஒரு வாடிக்கையாளரும் கூடவே வந்தார். கண்ணாடி எங்கே போகிறது என்று பார்க்க வந்தாராம்.

கண்ணாடியை மாதிரியின் பின்னால் சாய்த்து நிறுத்தினோம். கண்ணாடிக்குள்ளே முப்பது சுருளும் வலது பக்கமாக ஏறின. ஒரு சார்ட்டைத் திருப்பிப் போட்டுப் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'எங்கள் மாதிரியில் ஒரு பிழை இருக்கிறது. கண்ணாடியில் இருப்பதுதான் சரி. ஏன்?'

"நான் படிச்சதெல்லாம் வீணாப் போச்சே, இப்ப என்னத்தச் சொல்றது டீச்சர்?" என்றாள் ரம்ஜான்.

"என்ன நடந்துச்சோ அதச் சொல்லு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு."

நடுவர்கள் மூன்று பேர். பேசியவர் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரிப் பேராசிரியை. சார்ட்டைப் படித்தார். மாதிரியைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். ரம்ஜான் மணிகளில் ஆரம்பித்துச் சுருள் வரைக்கும் ஓட்டமாக ஓடி வந்து மூச்சு வாங்கி நின்றாள். அந்த இடைவெளியில் ஈஸ்வரி, மாதிரியின் ஸ்டாண்டிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இதோட மரையும் எங்க சுருளும் ஒண்ணான்னு பாருங்க மேடம்."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்ல. வேற வேற."

"கண்ணாடிக்குள்ள?"

"ஒண்ணு." சிரித்தார். உடனே ஒரு கேள்வி போட்டார்: "சரி, உங்க மாதிரியில இருக்கிற மாதிரி ஒரு இடச்சுருள் ஹீமோகுளோபின் நிஜமாவே இருந்தா, நம்ம உடம்புல அது வேலை செய்யுமா?"

நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி. எனக்கே பதில் தெரியாத கேள்வி. ரம்ஜான் என்னைப் பார்த்தாள்.

"தெரியாது மேடம்," என்றாள் ஈஸ்வரி. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா, மரை மாறுன நட்டு போல்ட்டுல ஏறாது. கூட இருக்கிறது எல்லாம் வலது மரையா இருந்தா, இது மட்டும் எதோடயும் சேராதுன்னு தோணுது," என்றாள்.

பேராசிரியை பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த தாளில் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல ஐடியா டீச்சர். வேணும்னே தப்பாச் செஞ்சு கொண்டுவந்தீங்களா?"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் ஆசை பிழையை மறைப்பது. அதிலிருந்து எப்படியோ தப்பித்திருந்தேன். இது இரண்டாவது. பிழைக்கு நல்ல உடுப்பு மாட்டி, திட்டமிட்டுச் செய்தது என்று நடக்கவிடுவது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். வாக்கியம்கூட வேண்டாம், லேசாகத் தலையாட்டினால் போதும். இயற்பியல் டீச்சர் எனக்காகத் தலையாட்டவே ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் ஆசையோடு பார்த்தார்களா பயத்தோடு பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் என்ன சொல்வேன் என்று மட்டும் கவனமாகப் பார்த்தார்கள்.

"இல்ல மேடம். படத்தைக் கவுத்துப் பதிச்சது நான். கம்பி சுத்துனவர் அன்னைக்கே கேட்டார். நான் காதுல வாங்கல. இந்தப் பிள்ளைக்கும் அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. இன்னைக்குக் காலையிலதான் நான் கேட்டேன்."

"ஓ," என்றார். தாளில் எழுதியதில் ஏதோ ஒன்றை அடித்தார். வேறு ஏதோ எழுதினார். எழுந்து போகும்போது ஈஸ்வரியின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

முதல் பரிசு, சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்கும் எரிமலைக்கு. மூன்றாம் பரிசு பக்கத்து மேசை டிஎன்ஏவுக்கு. எங்களுக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வரும்போது இயற்பியல் டீச்சர், "ஒரே ஒரு ஆமா. அதச் சொன்னா வாயில முத்தா உதிர்ந்துரும்?" என்று சின்னமனூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் தூங்கிப்போனார். பிள்ளைகள் வருத்தமாக இருப்பார்கள் என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஈஸ்வரி ரம்ஜானின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை நிமிர்த்தி, பஸ்ஸில் இருக்கிற ஒவ்வொரு திருகாணியும் எந்த மரை என்று சோதித்துக்கொண்டிருந்தாள். பேசியது முழுக்க அவள்தான். ரம்ஜான் கேட்டுக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க முடியாது.

மறுநாள் மாதிரியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் பாய் கடைக்குப் போனேன். பிள்ளைகளையும் கூட்டிப் போனேன். நான் சிரித்ததைப் பார்த்தவர்கள், மன்னிப்புக் கேட்பதையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "நீங்க கேட்டதுதான் சரி பாய். உடம்புக்குள்ள வலது மரைதான். அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

'அப்பவே சொன்னேன்ல' என்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். அவர் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே கவலைப்பட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இப்ப வந்து சொல்றீக? டீச்சரே சொல்லிட்டாகளேன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே!"

"என்னன்னு பாய்?"

"நம்ம ரத்தத்துல இருக்கிறதெல்லாம் இடது மரைன்னு. வீட்டுல சொல்லிட்டேன். சாயா கடையில சொல்லிட்டேன். இங்கன மோட்டார் கொண்டாந்த ஆளுகட்ட எல்லாம் சொன்னேன். எவ்வளவு பெரிய விசயம், கேக்கிறவுகளும் வாயப் பொளந்து கேட்டாக. இப்ப நான் எப்படிப் போயி மாத்திச் சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்க."

போனேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடமும் மகள்களிடமும் சொன்னேன். டீ கொடுத்தார்கள், கூடவே கேள்வியும் கேட்டார்கள். முட்டையை அவித்தால் சுருளெல்லாம் என்னவாகும் என்று பெரிய மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. சாயா கடைக்கு மறுநாள் ரம்ஜானின் அப்பாவை அனுப்பினேன். மோட்டார் கொண்டு வந்தவர்களில் இரண்டு பேரைப் பாயே பிடித்து மாற்றிச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கடையில் வைத்து முப்பது சுருளையும் நீட்டி வலது மரையாகச் சுற்றினோம். இந்த முறை பிள்ளைகள் சுற்றினார்கள், பாய் மேற்பார்வை.

மார்க்கையன்கோட்டையிலிருந்து மோட்டார் கொண்டு வந்த ஒரு விவசாயி மட்டும் அகப்படவே இல்லை. பெயர் பாய்க்கு மறந்துவிட்டது. வெற்றிலை போடுவார், மூன்று எச்.பி. மோட்டார், கிணறு வாய்க்காலுக்கு மேற்கே என்பது மட்டும்தான் ஞாபகம். கதையை ரொம்ப ரசித்துக் கேட்டாராம். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். உங்களில் யாருக்காவது அங்கே போஸ்டிங் கிடைத்தால், தயவுசெய்து அவரைக் கண்டுபிடித்து வலது மரை என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.